ஆல்பர்ட்டின் குளிர்காலம்

தராசுத் தட்டில் ஆமை நான்கு கால்களாலும் துழாவிக்கொண்டிருக்கிறது, தண்ணீரே இல்லாத இடத்தில் நீந்துவதுபோல, நான் ஒரு கையை அதன் ஓட்டின்மேல் தொட்டும் தொடாமலும் வைத்தபடி இலக்கங்கள் ஓடி ஓய்வதற்காகக் காத்திருக்கிறேன், ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பது, நாற்பதிலேயே நின்றது, கொப்பியில் எழுதினேன், உழுந்தும் அரிசியும் நிறுக்கிற தராசுதான், ஆனால் ஓர் உயிரின் நிறையை எழுதி எத்தனை வருடமாயிற்று என்று மனம் தன்பாட்டில் கேட்டது, குசினி வாசலில் இவர் நின்று பார்த்தார், என் கணவர் விசாகரத்தினம், தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலைசெய்து போன வருடம் ஓய்வுபெற்றவர், அங்கே எல்லோரும் பெயரைச் சுருக்கி விசா என்றே கூப்பிட்டார்கள், விசா இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்தவனுக்கு நல்ல பேர்தான் என்று ஒருநாள் தானே சொல்லிச் சிரித்தவர், இப்போது சிரிக்கவில்லை, எவ்வளவு என்றும் கேட்கவில்லை, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அது எங்களிடம் வந்து அப்போது இரண்டு மாதம், பக்கத்து வீட்டுத் திருமதி ஹோல்புரூக் கொடுத்தது, அவருக்கு எண்பத்து நான்கு வயது, படி ஏற முடியாமல் போனபின் மகன் இங்கிலாந்தின் மேற்கே டெவனில் இருக்கிற, லிப்ட் வசதியுள்ள தன் அடுக்குமாடி வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போக வந்திருந்தான், அங்கே தோட்டம் இல்லை, ஒரு மாலை வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த மரவேலியின் அடியால் எத்தனையோ கோடையில் அது எங்கள் பக்கம் வந்திருக்கிறது, நான் போட்ட முளைக்கீரையை வரிசையாக மொட்டையடித்திருக்கிறது, நான் ஒருநாளும் கோபித்ததில்லை, இரண்டு கையாலும் தூக்கி வேலிக்கு மேலால் கொடுப்பேன், நீங்கள் அவளைத் தூக்குகிற விதத்தைப் பார்த்திருக்கிறேன், அடியில் கைவைத்துத் தூக்குகிறீர்கள், என்றார் திருமதி ஹோல்புரூக், அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம், நாற்பத்தொரு வருடம் வளர்த்தவர், ஆண் என்று நினைத்து ஆல்பர்ட் என்று பெயர் வைத்திருக்கிறார், பதினைந்தாம் வருடம் புல்தரையில் மூன்று முட்டை இட்டதாம், பெயரை மாற்றவில்லை, அவளுக்கு அதில் கவலை இல்லை என்றார், ஒரு நீலக் கொப்பியையும் தந்தார், எப்போது என்ன கொடுப்பது, எப்போது குளிப்பாட்டுவது, எந்த மாதத்தில் மாதக்கணக்கான குளிர்கால நித்திரைக்கு விடுவது எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில், நான் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்கதவால் உள்ளே வந்தபோது இவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, இஞ்சாரும், ஆமையை ஆரும் வீட்டுக்குள்ளை கொண்டுவாறவையே, என்று கேட்டார், சாமிப்படம் இருக்கிற வீடு என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, இவர் எதிலும் அதற்குமேல் ஒன்றும் சொல்கிறவர் இல்லை.

எங்கள் வீடு மிச்சம் என்கிற ஊரில், லண்டனுக்குத் தெற்கே, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசைவீடுகளில் ஒன்று, இரண்டு பேருக்கு அது எப்போதும் பெரிய வீடாகத்தான் இருந்தது, பின்னறையில் இவருடைய பழைய மேசையை நான் காலி செய்தேன், சுற்றிவரப் பலகை அடித்து மண் நிரப்பினேன், ஒரு மூலையில் வெயில் விளக்கு, மறுமூலையில் நிழலுக்கு ஒரு கவிழ்த்த மண்சட்டி, பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் என் வேலை இரண்டு மணிக்கு முடியும், வரும் வழியில் பூங்காவின் ஓரத்தில் குனிந்து இலை பிடுங்குவேன், டாண்டிலயன் என்று இங்கே சொல்கிற அந்த மஞ்சள் பூச்செடியின் இலை, நாய்கள் போகாத இடமாகப் பார்த்து, கழுவி, ஈரத்தோடு வைத்தால் அது முதலில் பார்க்கும், நன்றாக யோசிக்கும், பிறகு கழுத்தை நீட்டி ஒரு கடி, அந்தச் சின்ன வாய் இலையை அறுக்கிற சத்தம் அமைதியான வீட்டில் அப்படித் துல்லியமாகக் கேட்கும், இவர் முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார், நாங்கள் சண்டைபிடிக்கிற ஆட்கள் இல்லை, யாரும் பார்த்தால் நல்ல ஒற்றுமையான சோடி என்று சொல்வார்கள், அது பொய்யும் இல்லை, என்ன கறி, மழை வருமா, குப்பைப் பெட்டியை வெளியே வைத்தாயிற்றா என்று எல்லாம் கதைப்போம், ஒன்றைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை, இருபத்தேழு வருடமாக.

நவம்பரில் கொப்பி சொன்னபடி சாப்பாட்டை நிறுத்தினேன், வயிற்றில் ஒன்றும் இல்லாமல்தான் ஆமை நித்திரைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கிடப்பது அழுகி அதைக் கொன்றுவிடும், தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் வைப்பேன், அது இலை இருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும், மூன்று கிழமை அந்தப் பார்வையைத் தாங்கவேண்டியிருந்தது, பிறகு பிரிட்ஜ், ஓம், பிரிட்ஜ்தான், இந்த ஊர்க் குளிர்காலம் ஒருநாள் உறையும் ஒருநாள் வெதுவெதுக்கும், அதை நம்பமுடியாது, திருமதி ஹோல்புரூக்கின் சின்ன பிரிட்ஜ் ஒன்று அதற்கென்றே இருந்தது, அதையும் தந்திருந்தார், ஐந்து பாகையில் வைத்து, பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் துண்டுதுண்டாகக் கிழித்த கடதாசி, அதற்குள் ஆல்பர்ட், தினமும் ஒருமுறை திறந்து காற்றுவிட வேண்டும், ஞாயிறுதோறும் நிறுக்கவேண்டும், கொஞ்சம் குறையலாம், மெல்லமெல்லக் குறையலாம், சட்டென்று குறையக்கூடாது, ஆயிரத்து அறுநூற்று நாற்பதிலிருந்து அடுத்த ஞாயிறு முப்பத்தேழு, அதற்கடுத்த ஞாயிறு முப்பத்தைந்து, நான் இலக்கத்தை எழுதி, வெப்பமானியைப் பார்த்து, கதவை மூடுகிறேன், மூடியபின்னும் நெற்றியைக் கதவில் வைத்து நிற்கிறேன், குளிர்ந்த வெள்ளைக் கதவு, அதற்குப் பின்னால் மோட்டார் மெல்ல முனகுகிறது, இந்த முனகலை எனக்குத் தெரியும், இது வேறொரு பெட்டியின் முனகல், கண்ணாடிப் பெட்டி, அதற்கு வெப்பமானி இருந்தது, நாளுக்கு நாள் நிறை எழுதுகிற கடதாசி காலடியில் தொங்கியது, உள்ளே என் மகள்.

இருபத்தாறு கிழமையில் பிறந்தவள், என் இரத்த அழுத்தம் ஏறி, வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள், எண்ணூற்றுச் சொச்சம் கிராம், கண்ணாடியின் பக்கவாட்டில் இரண்டு வட்டத் துளைகள், கையைக் கழுவி அதற்குள்ளால் விட்டுத் தொடலாம், நான் தொட்டேன், ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு பஸ் எடுத்துப் போய் இருட்டும்வரை அங்கேயே இருந்தேன், தையல் இழுக்கும், பால் சுரக்கும், அதைப் பிழிந்து சின்னக் குப்பியில் தாதியிடம் கொடுப்பேன், ஒரு கரண்டி, அரைக் கரண்டி, இவர் அப்போது பெற்றோல் செட்டில் வேலை, இரண்டு முறைதான் வந்தார், நான் கண்டது இரண்டு முறை, கதவடியில் நின்றார், உள்ளே வந்து தொடுங்கோ என்றேன், இல்லை என்று தலையாட்டினார், பத்தொன்பதாம் நாள், இனி ஒன்றும் செய்யமுடியாது என்று அவளை எல்லா வயரையும் கழற்றி என் மடியில் தந்தபோது இவர் வேலையில் நின்றார், நான் தனியாகத்தான் வைத்திருந்தேன், அந்த ஒன்றைத்தான் நான் கதைப்பதில்லை, பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை, கோபம் என்று சொல்லமுடியாது, கோபம் என்றால் எப்போதாவது ஆறியிருக்கும்.

டிசம்பர் முழுவதும் நான் அடிக்கடி அப்படி நின்றேன், பகலில் சாய்மணைக் கதிரையில் கண்ணயர்ந்தால் கனவில் பெட்டியும் பெட்டியும் கலந்துவிடுகின்றன, ஒரு தாதி பிரிட்ஜைத் திறக்கிறாள், காற்று விட வந்தேன் என்கிறாள், உள்ளே கிழித்த கடதாசிகளுக்கு நடுவில் சிவப்பாக ஏதோ அசைகிறது, அவளுக்குக் குளிரும் என்று நான் சொல்கிறேன், இல்லை, குளிரில்தான் இவர்கள் இருப்பார்கள் என்கிறாள் தாதி, விழித்தால் மழை, பின்னேரம் நான்கு மணிக்கே இருள்கிறது, நான் எழுந்துபோய்ப் பிரிட்ஜைத் திறந்து, விரல்நுனியால் அதன் பின்னங்காலைத் தொடுகிறேன், கால் மெல்ல உள்ளே போகிறது, உயிர் இருக்கிறது, கதவை மூடுகிறேன், ஒருமுறை திரும்பினால் இவர் பின்னால் நின்றார், எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது, கதவை ஒழுங்காச் சாத்தினனீரே, என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு, பெட்டியைத் திறந்தபோதே வேறு மணம் வந்தது, கடதாசி நனைந்திருந்தது, தராசில் வைத்தேன், ஆயிரத்து ஐநூற்று அறுபத்திரண்டு, திரும்பவும் வைத்தேன், அதே இலக்கம், ஒரே கிழமையில் அறுபதுக்கு மேல் குறைந்திருந்தது, நீலக் கொப்பியில் இதற்கென்று ஒரு பக்கம் இருந்தது, சிவப்புக் கோடு போட்டிருந்தார் திருமதி ஹோல்புரூக், நித்திரையில் அவள் சிறுநீர் கழித்தால் உடனே எழுப்பு, ஒருநாளும் பொறுக்காதே, உடலில் சேர்த்துவைத்த தண்ணீர் போய்விட்டால் அவள் காய்ந்துவிடுவாள், தராசுக்கு முன்னால் அப்படியே நின்றேன், இஞ்சாருங்கோ, என்று கூப்பிட்டேன், எதற்குக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை, இவர் வந்தார், கொப்பியை வாங்கி அந்தப் பக்கத்தை நின்றபடியே வாசித்தார், பிறகு சட்டையின் கைகளை மடித்தார், நீர் தண்ணியைச் சூடாக்கும், நான் இவளைப் பிடிக்கிறன், என்றார், இவளை என்றார், அதுவரை அது என்றுதான் சொல்லிவந்தவர்.

எழுப்பினோம், விளக்கின் கீழ் மெல்லமெல்லச் சூடேற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுத்து நனையாமல் பிடித்து, அன்று மாலை கண் திறந்தது, ஒரு கண் முதலில், மற்றது நெடுநேரம் கழித்து, தண்ணீர் குடித்தது, தொண்டை மேலும் கீழும் போவதை நாங்கள் இரண்டுபேரும் குனிந்து பார்த்தோம், ஆனால் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் இல்லை, மூன்றாம் நாள் மிருக வைத்தியரிடம் காட்டினோம், இளம் பெண், வாயைத் திறந்து பார்த்தாள், நோய் என்று ஒன்றுமில்லை, சீக்கிரம் எழுந்துவிட்டது, இரண்டு கிழமைக்குள் தானாகச் சாப்பிடாவிட்டால் குழாய் போடவேண்டியிருக்கும், வயதும் இருக்கிறது, உறுதி சொல்லமுடியாது என்றாள், குழாய் என்ற சொல்லில் இவர் முகம் மாறியதை நான் கண்டேன், வீட்டுக்கு வந்து மேசையிலிருந்த அதைத் தூக்கித் தரையில் பழைய கம்பளத்தில் விட்டார், விளக்கையும் கீழே இறக்கினார், தானும் தரையில் இருந்தார், முழங்கால் வருத்தக்காரர், இருந்தால் எழும்ப ஒரு பாடு, நான் வேலைக்குப் போகும்போதும் அங்கே, திரும்பி வரும்போதும் அங்கே, மடியில் ஒரு கிண்ணத்தில் இலைகள், ஒரு இலையை அதன் வாய்க்கு முன்னால் பிடித்தபடி, கை சோர்ந்தால் மற்றக் கையில்.

எட்டாம் நாள் பின்னேரம் நானும் பக்கத்தில் இருந்தேன், பின்கதவுக் கண்ணாடியால் கொஞ்சம் வெயில் வந்தது, அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது, இவர் இலையைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னார், எண்ணூற்றுப் பத்து, நான் என்ன என்றேன், பிறந்தண்டு எண்ணூற்றுப் பத்து, என்றார், அடுத்த நாள் எழுநூற்றி எண்பது, பிறகு எழுநூற்றி அறுபத்தைஞ்சு, நாலாம் நாளும் அதேதான், எனக்கு விளங்கியது, விளங்காததுபோல இருந்தேன், இவர் நிறுத்தவில்லை, ஒவ்வொரு நாளாகச் சொன்னார், மந்திரம் சொல்வதுபோலவும் இல்லை, அழுவதுபோலவும் இல்லை, தபால் முகவரி வாசிப்பதுபோலச் சொன்னார், பதினோராம் நாள் எண்ணூறைத் தாண்டினவள், எண்ணூற்றி நாலு, அண்டைக்கு நான் வேலையிலை எல்லாருக்கும் சொக்லேட் குடுத்தனான், என்றார்.

உங்களுக்கு எப்பிடித் தெரியும், என்று கேட்டேன், விடிய ஆறு மணிக்குப் போவன், என்றார், உமக்கு முந்தி, நீர் பத்து மணிக்குத்தானே போறனீர், வேலை ஏழரைக்கு, ஒவ்வொரு நாளும் போனனான், கடதாசியைப் பாத்திட்டு, அவளைப் பாத்திட்டுப் போவன், உம்மை அங்கை காண எனக்கு ஏலாது, நீர் என்னைப் பாத்து அழுவீர், நானும் அழுதிட்டால் ஆர் வேலைக்குப் போறது எண்டு நினைச்சன், இலை இவர் கையில் வாடித் தொங்கியது, புதிதாக ஒன்றை எடுத்தார், நான் எழுந்து போய்விடுவேனோ என்று பயந்தவர்போல என் சேலைத்தலைப்பை ஒருமுறை பார்த்தார், பதினைஞ்சாம் நாள் கை விட்டனான், என்றார், அந்தத் தாதி தொடு தொடு எண்டு நிண்டவ, கழுவிப்போட்டுத்தான் விட்டனான், மூண்டுதரம் கழுவினனான், ஆனால் பெற்றோல் மணம் போகேல்லை, அது அப்ப எந்த நேரமும் கையிலை இருக்கும், அவள் என்ரை சின்னவிரலைப் பிடிச்சாள், விடேல்லை, பதினேழாம் நாள் காய்ச்சல் வந்தது, பிறகு நான் போகேல்லை, கடைசி நாள் நீர் போன் எடுக்கேக்கையும் என்ரை கையாலைதான் அவளுக்கு வந்தது எண்டு நினைச்சன், அதுதான் வரேல்லை, வேலை ஒண்டும் இல்லை அண்டைக்கு, வெளியிலை கார் கழுவுற இடத்திலை நிண்டனான்.

இருபத்தேழு வருடம், ஒரே கட்டிலில், ஒரே சட்டியில் சமைத்து, இதைத் தூக்கிக்கொண்டு இவர் நடந்திருக்கிறார், நான் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்திருக்கிறேன், பெரிய டொக்டர் எனக்குச் சொன்னதை நான் இவருக்குச் சொன்னதே இல்லை, நாங்கள் அதைக் கதைக்காததால், கிருமி உள்ளிருந்தே வந்தது, குடலில் தொடங்கியது, இவ்வளவு முந்திப் பிறக்கிற பிள்ளைகளுக்கு வருவது, யார் தொட்டும் வந்ததில்லை என்று அவர் படம் கீறிக் காட்டியிருந்தார், இப்போது நான் அதைச் சொன்னேன், படத்தையும் கம்பளத்தில் விரலால் கீறிக் காட்டினேன், இவர் நம்பினாரா என்று தெரியவில்லை, அப்பிடியே, என்று கேட்டார், பிறகு திரும்பவும், டொக்டர் அப்பிடியே சொன்னவர், என்றார், ஓம், என்றேன், நான் இவருடைய கையை எடுத்து என் மூக்கில் வைத்தேன், என்ன செய்யிறீர் என்றார், இலையின் பச்சை மணமும் அடியில் மண்ணின் மணமும்தான் இருந்தது, அதைச் சொன்னேன், இவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது, நான் கையை விடவில்லை, வெயில் கம்பளத்தை விட்டுப் போய்விட்டது, விளக்கு மட்டும் எரிந்தது.

ஆல்பர்ட் அன்று சாப்பிடவில்லை, அப்படியெல்லாம் நடப்பதில்லை, இன்னும் மூன்று நாள் போயிற்று, பதினோராம் நாள் காலை நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது, இலை அறுபடுகிற சத்தம், ஒருமுறை, நிறுத்தி இன்னொருமுறை, ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் மூச்சும் விடாமல் இருந்தார், கையில் பாதி இலை, விரலால் எனக்குச் சைகை காட்டினார், நடக்காதே, அங்கேயே நில், நான் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றேன், அது முழுவதையும் தின்று இவருடைய விரல்நுனியையும் ஒருமுறை கடித்துப் பார்த்தது, அன்று இரவு டெவனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன், திருமதி ஹோல்புரூக், பிடிவாதக்காரி, என்றார், உங்கள் கணவர் எப்படி என்று கேட்டார், நன்றாக இருக்கிறார் என்றேன், அதை யோசித்துத்தான் சொன்னேன்.

மார்ச் மாதம் இருவரும் சேர்ந்து போனோம், இடுகாட்டின் கிழக்கு மூலையில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய இடம், நான் வருடாவருடம் தனியே பஸ்ஸில் போய்வந்த இடம், இலக்கமிட்ட சின்ன மரமுளை மட்டும் இருக்கும், இவர் அதற்கு முன்னால் குந்தியிருந்தார், பிறகு நேரே அலுவலகத்துக்கு நடந்துபோய் ஒரு கல் வைக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார், படிவம் தந்தார்கள், அதை நிரப்பத்தான் இப்போது குசினி மேசையில் இருக்கிறோம், பிறந்த நாள், இறந்த நாள், பெற்றோர், எல்லாம் எழுதியாயிற்று, பெயர் என்ற இடத்தில் இவருடைய பேனை நிற்கிறது, முப்பத்தோராம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம், அவள் அதுவரை இருக்கவில்லை, பிறப்புப் பத்திரத்தில்கூட இன்னாரின் பெண்குழந்தை என்றுதான் இருக்கிறது, நான் அவளை ஆரணி எண்டுதான் கூப்பிட்டனான், என்றேன், மனசுக்குள்ளை, இவர் தலை நிமிர்ந்தார், எனக்கு அவள் செவ்வந்தி, என்றார், அப்பிடிச் சிவந்து கிடந்தவள், அந்தப் பெயரை நான் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், செவ்வந்தி, ஆரணி எண்டே எழுதுவம், நீர்தானே பெத்தனீர், என்கிறார் இவர், இல்லை, நீங்கள் வைச்சதை எழுதுங்கோ, என்கிறேன் நான், பிறகு இவர் குனிந்து எழுதத் தொடங்குகிறார், ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்தாக, ஆங்கிலத்தில், முதலில் ஒரு பெயர், ஒரு பெட்டி இடைவெளி, அடுத்த பெயர், பெட்டிகள் முடிந்தும் எழுத்துகள் மிஞ்சுகின்றன, அவற்றை விளிம்பில் எழுதுகிறார், மேசைக்கடியில் ஆல்பர்ட் இவருடைய பாதத்தில் முட்டி, சுற்றிப்போக மனமில்லாமல், மேலே ஏறப் பார்க்கிறது, இவர் காலை அசைக்கவில்லை, கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் பொறு பிள்ளை, எழுதி முடிக்கிறன், என்கிறார்.